நாந்தேன் பேசுறேன்

"நாந்தேன் பேசுறேன். காலையில ஆறு மணிக்கெல்லாம் வண்டி வந்துறணும். அறுவது பொட்டி."

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

லாரி ஆபீசில் சேவியர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து முறைத்துப் பார்த்தான். வண்டி தயார். டிரைவர் தயார். அறுபது பெட்டி திராட்சையும் எங்கோ ஒரு பந்தலுக்கு அடியில் தயார். எந்தப் பந்தல் என்பதுதான் தெரியவில்லை.

நேற்றும் இப்படித்தான் ஒரு 'நாந்தேன்' பேசினார். குரலில் கொஞ்சம் சளி இருந்தது. சளி என்றால் வெள்ளையம்மாள்புரத்துக்காரர்தான் என்று துணிந்து வண்டியை அனுப்பினான். வண்டி போய் நின்ற தோட்டத்தில் திராட்சை இன்னும் பச்சைப் பிஞ்சாக இருந்தது. சளிக்குச் சொந்தக்காரரோ காமாட்சிபுரத்தில் ரோட்டோரம் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, மதியம் வரை வெயிலையும் பொன்னுராஜ் டிரான்ஸ்போர்ட்டையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கில் போனில் யாரும் பெயர் சொல்வதில்லை. அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். பெயர் சொல்லிப் பேசுகிறவன் அசலூர்க்காரன், இல்லையென்றால் பேங்க்காரன். நாலு பேருக்குத் தெரிந்து வாழ்கிற மனிதன் 'நான் இன்னார்' என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்ள வேண்டி வந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை. 'யாரு பேசுறது' என்று திருப்பிக் கேட்டாலோ போச்சு. என்னையே யாருன்னு கேக்குற அளவுக்கு ஆயிட்டியா என்று, அடுத்த அறுப்பை வேறு கம்பெனி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

அக்கம்மாள் போன் எடுத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தொண்டையைச் செருமினாலே இன்ன ஊர், இன்ன தோட்டம் என்று சொல்லிவிடுவார். அவர் வைகாசியில் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்த நாற்காலியில்தான் இப்போது சேவியர்.

முதலாளி பொன்னுராஜ் கோபம் வந்தால் கத்த மாட்டார். குரலைத் தாழ்த்துவார். அதுதான் பயம்.

"தம்பி, திராட்சை காத்திருக்காது. இன்னொரு வண்டி எடம் மாறிப் போச்சுன்னா, நீயும் எடம் மாறிக்க."

இந்த இடத்தைச் சேவியர் லேசில் மாற்றிக்கொள்ள முடியாது. ராயப்பன்பட்டி அமிர்தராஜ், தன் ஒரே மகள் அனிதா மேரியை அவனுக்குக் கொடுக்கச் சம்மதித்ததே, பையன் ஓடைப்பட்டியில் நிலையான வேலையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுத்தான். கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும் தேதிகளும் முடிவாகிவிட்டன. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம். மூன்றாவது ஓலையும் தாண்டிவிட்டால் அப்புறம் பந்தக்கால்தான்.

சேவியர் உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவன். யோசித்தான். ஒரு வழி தெரிந்தது.

இன்டர்நெட்டில் ஒரு டெலிபோன் எக்சேஞ்ச் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. ஓப்பன் சோர்ஸ். உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். அதை ஆபீசின் பழைய கம்ப்யூட்டரில் போட்டு டெலிபோன் லைனைச் செருகிவிட்டால், மணி அடிக்கும்போதே திரையில் நம்பர் விழும். அந்த நம்பர் யாருடையது என்று தேடிப் பெயரையும் போடும்.

"ஓசியில குடுக்குறவன் எதுக்குப்பா குடுக்குறான்?" என்று பொன்னுராஜ் சந்தேகப்பட்டார்.

நாலு பேருக்கு உபயோகப்படட்டும் என்றுதான் என்றான் சேவியர். முதலாளிக்கு அந்தப் பதில் இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனாலும் சரி என்றார்.

அந்த மென்பொருள் அமெரிக்க டைரக்டரியில் பெயர் தேடும்படி எழுதப்பட்டிருந்தது. சேவியர் ராப்பகலாக உட்கார்ந்து, அதை நம் மாவட்ட டெலிபோன் டைரக்டரியில் தேடும்படி மாற்றினான். திங்கட்கிழமை காலை எல்லாம் தயார்.

மதியம் அவன் சாப்பிடப் போயிருந்தபோது போனுக்குக் காவலாக அழகர் உட்கார்ந்திருந்தார். லோடு ஏற்றுவதை மேற்பார்வையிடுகிறவர். திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் போடுகிறவர். மேடையில் எமனையே எதிர்ப்பவர். மேடைக்கு வெளியே ஆந்தை கத்தினால் போர்த்திக்கொள்வார்.

மணி அடித்தது. திரையில் 'சின்னக்கருப்பு' என்று விழுந்தது.

நாலு வருடத்துக்கு முன் சின்னக்கருப்புவின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் அழகரும் ஒருவர். ரிசீவரை எடுத்தார்.

"நாந்தேன்" என்றது குரல்.

"எங்கன இருந்து பேசுறீக?"

"தோட்டத்துல இருந்துதேன். வண்டிய அனுப்பு, எம்புட்டு நேரம் கெடக்குறது?"

சின்னக்கருப்புவைப் புதைத்ததும் அந்தத் தோட்டத்தில்தான். அழகர் ரிசீவரை மெல்லப் படுக்க வைத்துவிட்டு, விபூதி வாங்கக் கோயிலுக்கு நடந்தார். வண்டி போகவில்லை.

சாயங்காலம் சின்னக்கருப்புவின் மகன் பாண்டீஸ்வரன் ஆபீசில் வந்து ஆடித் தீர்த்தார். போன் அப்பா பேரில் வாங்கியது, அப்பா போனதும் பேர் மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று யார் அலைவது, போன் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். சேவியர் டைரக்டரியைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனான். பள்ளத்தாக்கில் பாதிப் போன்கள் மேலோகம் போனவர்களின் பேரில்தான் இருந்தன.

"டைரக்டரியே வேணாம் தம்பி" என்றார் பொன்னுராஜ். "எஞ்செல்லுல ஆயிரம் பேரு நம்பர் இருக்கு. அம்புட்டும் உசுரோட இருக்குறவுக. அத ஏத்து."

ஏற்றினான். மறுநாள் பாண்டீஸ்வரனையே கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்து, அவர் செல்லிலிருந்து ஒரு அடி அடித்துப் பார்க்கச் சொன்னான். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று திரையில் எழுத்தையும் பெரிதாக்கியிருந்தான்.

மணி அடித்தது. திரை முழுக்க விழுந்தது: எடுக்காதே 2.

 பொன்னுராஜ் சுவரில் இருந்த காலண்டரில் முகூர்த்த நாள் பார்க்க ஆரம்பித்தார்.

பாண்டீஸ்வரன் இரண்டு தடவை படித்தார். கோபப்படவில்லை. ஆழ்ந்த அக்கறையோடு கேட்டார்.

"அண்ணே, அப்ப ஒண்ணு யாரு?"

பதில் சொல்ல அவசியமே இல்லாமல் போனது. மணி மறுபடி அடித்தது. திரையில் எடுக்காதே 1. அழகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து இது நாலாவது தடவை வருகிறது, திரை சொன்னபடியே நான் எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். ஐந்தாவது தடவை போன் வரவில்லை. ஆட்டோ வந்தது. அதிலிருந்து பொன்னுராஜின் மனைவி பூமாரி இறங்கினார்.

அதன் பிறகு முதலாளிக்கு மூன்று வேளையும் புரோட்டாக் கடைதான். சேவியர் மன்னிப்புக் கேட்டான்.

"மிஷின் மேல குத்தமில்ல தம்பி. அது உள்ளதச் சொல்லுது" என்றார் பொன்னுராஜ், மிகத் தாழ்ந்த குரலில். "இன்னும் ஒரு தடவைதேன் பொறுப்பேன்."

சேவியர் ஏற்றிய பெயர்கள் அத்தனையையும் அழித்தான். டைரக்டரியையும் கேட்க வேண்டாம், செல்லையும் கேட்க வேண்டாம், ஆளையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தான். போன் வந்ததும் மிஷினே எடுத்துப் பெயரைக் கேட்கும். அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே நம்பர் வந்தால் அந்தப் பதிவை ஆபீசில் இருப்பவர் காதில் போடும். இதை எழுதி முடிக்க நாலு நாள் ஆனது.

பெயரைக் கேட்கும் குரலாக அழகர் பதிவானார். ராஜபார்ட் அல்லவா. "வணக்கம். தங்கள் திருநாமத்தைத் தெளிவுறப் பகர்வீராக" என்று சபை அதிரக் கேட்டார். மிஷின் பேசும் ஒரே வசனம் அதுதான்.

முதல் நாள் முடிவில் முப்பதுக்கு மேல் பதிவுகள் சேர்ந்திருந்தன. சேவியர் ஆசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டான்.

"நாந்தேன்."

"நாந்தேம்ப்பா."

"ஏலே அழகரு, நாந்தேன்டா. என்னடா புதுசாக் கேக்குற?"

ஒரு தும்மல்.

"நாந்தேன்."

கடைசி வரைக்கும் இதேதான். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே ஒரு ஆள் இருப்பது போலவும், அவர் முப்பது தொண்டையில் பேசுவது போலவும் இருந்தது. வருங்கால மாமனார் அமிர்தராஜும் அன்றைக்கு வீட்டிலிருந்து வண்டிக்குச் சொல்லியிருந்தார். லைன் கிடைத்ததும் முதல் வேலையாக, "என்ன மாப்ள, பொண்ணு குடுக்கப் போறவன் எம்பேரையே ஒங்க மிஷின் கேக்குது?" என்று வருத்தப்பட்டார். 

இந்த மென்பொருளை உலகத்தில் பல மூலைகளில் பல பேர் உட்கார்ந்து திருத்துகிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்ள ஒரு மெயில் குழு இருந்தது. சேவியர் தன் கஷ்டத்தை அங்கே எழுதினான். பின்லாந்திலிருந்து ஒருவர் பதில் போட்டார். உங்கள் ஊரில் மக்களுக்குப் பெயர் கிடையாதா என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டிருந்தார்.

பெயர் உண்டு, பட்டப்பெயரும் உண்டு, போனில் மட்டும் சொல்ல மாட்டார்கள் என்று சேவியர் விளக்கினான். பின்லாந்துக்காரர் நல்ல மனிதர். மூன்றாம் நாளே மென்பொருளில் சேர்க்க ஒரு துண்டு எழுதி அனுப்பினார். கூடவே இங்கிலீஷில் இரண்டு பக்கத்துக்கு விளக்கம். சேவியர் முதல் வரியைப் படித்தான்: இதைச் சேர்த்துவிட்டால் பதிவான பெயர் சரிதானா என்று மிஷினே சரிபார்த்துக்கொள்ளும். கடைசி வரியைப் படித்தான்: நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஐந்தே முக்கால் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. நடுவில் இருந்ததைப் படிக்காமலே துண்டைச் சேர்த்துவிட்டு ஓடினான்.

அந்த ஞாயிறு ராயப்பன்பட்டிக் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாவது.

அதற்கு மறுநாள் அமிர்தராஜ் ஓடைப்பட்டிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகம் மட்டும் கருத்துக் கிடந்தது. ஆபீசுக்குள் வர மறுத்து, எதிரே இருளம்மாளின் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டீ வந்தது. தொடவில்லை.

"மாப்ள, வீட்டுக்கு ஒரு போன் வருது."

"யாரு மாமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்கன வர்றேன்? தெனமும் பொழுது சாய வருது. எடுத்தா ஒரு பய 'நாந்தேன்'ங்குறான். பேரு கெடையாது, ஊரு கெடையாது. சொல்லிட்டு, எதுக்கோ காத்திருக்குற மாதிரி அப்படியே நிக்கிறான். யார்ராவன்னு நான் சத்தம் போட்டா, செத்த நேரத்துல வச்சுர்றான்."

"எதுக்குக் காத்திருக்கான்?"

அமிர்தராஜ் தரையைப் பார்த்தார்.

"எம்மக கொரலுக்கு."

சேவியர் டீ கிளாசைக் கீழே வைத்தான். வேறு யாராவது எடுத்துப் பார்த்தார்களா, அத்தை கேட்டார்களா என்றான். நான் வீட்டில் இருக்கும்போது போனை வேறு யார் தொடுவது என்றார் அமிர்தராஜ். அதுவும் போக, அந்த நேரம் அவர் மனைவி லூர்து மேரி கோயிலில் ஜெபமாலைக்குப் போயிருப்பாள். அனிதாவைக் கேட்டதற்கு, அழுதுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

"எம்பொண்ணு மேல எனக்குச் சந்தேகமில்ல மாப்ள. ஆனா ஒரு கேள்வியக் கட்டிக் குடுத்து அவள ஒங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். நாளைக்கு ஒங்க வீட்டுக்கும் இந்த மாதிரி போன் வந்தா, அவதேன தலகுனிஞ்சு நிக்கணும்? வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்தப் பய யாருன்னு தெரியணும். தெரியலன்னா மூணாவது ஓலைய நிறுத்திருங்கன்னு சாமியார்ட்ட சொல்லிருவேன்."

எழுந்தவர், ஆத்திரம் தாங்காமல் திரும்பி நின்றார்.

"அந்தக் கொரல்ல என்னா திமிருங்கிறீக. பள்ளத்தாக்கே அவன் அப்பன் பாட்டன் சொத்து மாதிரி. கையில கெடச்சான், கால ஒடிச்சுப்புடுவேன்."

அவர் போன பிறகு இருளம்மாள் ஆறிய டீயைக் கொட்டிக்கொண்டே தன் கவலையைச் சொன்னார். "என்ன நோவு வந்துச்சோ தெரியல தம்பி. பத்து நாளா பொழுது சாஞ்சா ஒரு ஆம்பள வெளிய வர்றதில்ல. அம்புட்டுப் பேரும் போன் பக்கத்துல ஒக்காந்து காவ காக்குறாக. போட்ட வட போட்டபடி கெடக்கு."

சேவியர் காதில் வடை விழவில்லை.

மாமா தோட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து ராயப்பன்பட்டிக்குப் போன் போட்டான். அனிதா எடுத்தாள்.

"நாந்தேன்" என்றான்.



"நீங்களுமா?" என்றாள் அனிதா. பிறகு, அழுது முடித்த குரலில் சொன்னாள். "ஒங்க மிஷின் போன் பண்றது யாருன்னு கண்டுபிடிக்கும்னு சொன்னீகள்ல? அத இங்கன கொண்டாங்க. அவன் கால ஒடிக்கணும்னு அப்பா சொல்றாக. அவுக கால ஒடிச்சுட்டு மிச்சத்த எங்கிட்டக் குடுக்கட்டும்."

சேவியருக்கு உயிர் வந்தது. தேனிக்குப் போய், நம்பர் காட்டும் திரையும் ஸ்பீக்கரும் உள்ள ஒரு போன் வாங்கிவந்து மாமா வீட்டில் மாட்டினான். வியாழக்கிழமை அது தயார்.

வெள்ளிக்கிழமை காலை அமிர்தராஜ் ஆபீசுக்கு அடித்தார். நேத்தும் வந்துச்சு, நம்பர் விழுந்துச்சு, எழுதிக்கங்க என்று ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். சேவியர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். எழுதி முடித்து நிமிர்ந்தான். அதே நம்பர் அவன் முன்னால் இருந்த போன் மேலேயே ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தது.

ஆபீஸ் நம்பர்.

அவன் வாய் மூடுவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. பூமாரி.

"எனக்கு ஒரு ஞாயம் சொல்லு தம்பி. ரெண்டு வாரமா பொழுது சாஞ்சா ஆபீசு போன் பிஸியாவே இருக்கு. அவுகளக் கேட்டா ஆபீசுலயே இல்லேங்குறாக. ஆபீசுல ஆளே இல்லைன்னா போன் யார்ட்டப் பேசுது?"

பின்னாலேயே வந்த பொன்னுராஜ் கருப்பசாமி மேல் சத்தியம் செய்தார். பொழுது சாய்ந்தால் தான் புரோட்டாக் கடையில் இருப்பதாகவும், அங்கே இருக்க வேண்டிய நிலைமைக்குக் காரணம் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்றும் சொன்னார். ஆபீஸ் சாவி மூன்று பேரிடம் இருந்தது: முதலாளி, அழகர், சேவியர். சேவியர் ஐந்தே முக்கால் பஸ்சில் இருப்பான். அழகர் அந்த நேரம் நாடக ஒத்திகை என்றார். யாரோடு ஒத்திகை என்று கேட்டால், தனியாக என்றார்.

சேவியர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். யாரை நம்புவது என்று தெரியவில்லை. கடைசியில் வீக்லி தொடர்கதை படித்த புத்தி கைகொடுத்தது. நாளைக்குச் சனிக்கிழமை. ஆபீசைப் பூட்டி, மூன்று சாவியையும் எடுத்துக்கொண்டு, மூன்று பேரும் மாமா வீட்டில் போய் உட்கார்ந்துவிட வேண்டியது. போன் வரவில்லை என்றால் கள்ளன் நம்மில் ஒருவன்.

"வந்துச்சுன்னா?" என்று கேட்டார் அழகர்.

 அழகர் சட்டைப் பைக்குள் விபூதிப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அமிர்தராஜ் வீட்டுக் கூடத்தில் திருஇருதயப் படத்துக்குக் கீழே மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பூமாரி காவலுக்கு வந்திருந்தார். லூர்து மேரி ஜெபமாலையோடு கோயிலுக்குப் போயிருந்தார். அனிதா கதவுக்குப் பின்னால் நின்றாள். வளையல் சத்தம் மட்டும் வந்தது. அமிர்தராஜ் மூன்று சாவியையும் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல கொரலப் பாத்துருவோம். ஒவ்வொருத்தரா 'நாந்தேன்'னு சொல்லுங்க."

அழகர் எழுந்து நின்று, ராஜ்ஜியத்தை இழந்த மன்னன் போல "நாந்தேன்" என்றார். இவன் இல்லை என்றார் அமிர்தராஜ். பொன்னுராஜ், மனைவி பக்கத்தில் இருந்ததால், கிணற்றுக்குள்ளிருந்து "நாந்தேன்" என்றார். இதுவும் இல்லை.

"மாப்ள, நீங்களும் ஒருக்காச் சொல்லிருங்க. மனசுல வச்சுக்காதீக."

 "நாந்தேன் மாமா" என்றான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

அமிர்தராஜ் தலையை ஆட்டினார். "ஒங்க யாருக்கும் அந்தத் திமிரு வரல. அவன் எப்படிச் சொல்லுவான் தெரியுமா?" நெஞ்சை நிமிர்த்தினார், தாடையைக் கொஞ்சம் தூக்கினார். "நாந்தேன். இப்படி."

அடேயப்பா என்றார் அழகர். நாடக அனுபவத்தில் சொல்கிறேன், இவ்வளவு அச்சாக ஒருவர் குரலைப் பிடிப்பது சாதாரண வித்தை இல்லை என்று பாராட்டினார்.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. போன் வரவில்லை. தெருவிளக்கு எரிந்தது. வரவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் போய்விட்டார்கள். அப்போதும் வரவில்லை.

அமிர்தராஜ் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்வை சேவியரிடம் வந்து நின்றபோது, அதில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

"அப்ப ஒங்கள்ல ஒருத்தர்தேன்" என்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார். "யாருன்னு நான் கேக்கல. சாமியாரப் பாத்து நாளைக்கு ஓலை வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

"மாமா" என்று சேவியர் எழுந்தான். 

அப்போது போன் அடித்தது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஆபீஸ் நம்பர். பூட்டிய ஆபீஸ். அமிர்தராஜின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மூன்று சாவியும் அங்கேயே இருந்தன.

"சின்னக்கருப்பண்ணேன்" என்று முனகி, அழகர் விபூதிப் பொட்டலத்தை மொத்தமாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பொன்னுராஜ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பூமாரியும், 'எடுக்காதே' எல்லாம் மறந்து, பிடித்துக்கொள்ள விட்டார்.

சேவியர் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினான்.

"நாந்தேன்."

கூடம் முழுக்கக் கேட்டது. அதே நிமிர்ந்த நெஞ்சு, அதே தூக்கிய தாடை. பிறகு மௌனம். எதற்கோ காத்திருக்கும் மௌனம்.

அந்த மௌனத்துக்குள் சேவியருக்குப் பின்லாந்துக்காரரின் ஞாபகம் வந்தது. படிக்காமல் விட்ட அந்த நடு வரிகள் வந்தன. சரிபார்த்துக்கொள்ளும் என்றால், எதை, யாரிடம், எப்படி? ஆபீஸ் ஓய்ந்த பிறகு, பதிவு வந்த நம்பருக்கே திருப்பி அடித்தா? அவன் வாயைத் திறந்தான்.

அதற்குள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் இருந்த முக்காட்டை இறக்கிக்கொண்டே உள்ளே வந்த லூர்து மேரி, மூடிய வாயோடு நிற்கும் கணவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி கணவரைப் பார்த்தார்.

"ஏங்க, நீங்க இங்கன நிக்கிறீக, அப்புறம் எப்படி அங்கன இருந்து பேசுறீக?"